மான்டரே குளிர்நீரில் ஸ்கூபா: வெட்சூட்டா, டிரைசூட்டா?

கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் கடல்நீர் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்கும். வசந்தகாலத்தில் வடமேற்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் மேலேறி வரும். படகில் போனால் வழக்கமாக இரண்டு முறை இறங்குவார்கள், நடுவே ஒரு மணி நேரம் படகிலேயே இருக்க வேண்டும். நீர் கொஞ்சம் உள்ளே வரும் வெட்சூட்டோ, நீர் புகாத டிரைசூட்டோ, உடை வாங்குகிறவர்கள் நீரின் வெப்பநிலையைத்தான் பார்க்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை முதலில் யோசியுங்கள்.

வெட்சூட் என்றால் இங்கே 7 மி.மீ. நியோபிரீன் (நுரை போன்ற ரப்பர்), தலையுறை, 5 மி.மீ. கையுறை, பூட். உள்ளே வரும் கொஞ்சம் நீரை உடம்பு சூடாக்கிக்கொள்ளும். குளிரைத் தடுப்பது நியோபிரீனில் அடைபட்ட சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகள். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு என்பதால் அந்தக் குமிழிகள் சுருங்கி உடை மெலிந்துவிடும். குளிர் அதிகமாக இருக்கும் ஆழத்தில்தான் காப்பு குறைவு. மிதப்பும் குறைவதால் பிசிடியில் (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டையில்) காற்று சேர்க்க வேண்டும், ஏறும்போது அதை மறக்காமல் வெளியேற்ற வேண்டும்.

முதல் இறக்கம் 40 நிமிடம் சுகமாகவே போகும். படகில் ஏறியதும் ஈர உடையில் காற்று பட்டு உடம்புச் சூடு இறங்கும். இரண்டாவது இறக்கத்தில் 20 நிமிடத்திலேயே பல் கிட்டும். ஏறியவுடன் மேல் பாதியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கம்பளித் தொப்பியும் காற்றுப் புகாத கோட்டும் போட்டுக்கொள்ளுங்கள். மறுபடி இறங்கும் முன் பிளாஸ்கில் கொண்டுவந்த வெதுவெதுப்பான நீரைக் கழுத்து வழியாக ஊற்றினால் பெரிய வித்தியாசம் தெரியும். வாங்கும்போது இடுப்புக்குப் பின்னால் உள்ள குழிவையும் அக்குளையும் தடவிப் பாருங்கள். அங்கே தொளதொளவென்று இருந்தால் ஒவ்வோர் அசைவுக்கும் புது நீர் புகும், 7 மி.மீ. தடிமன் வீண்.

டிரைசூட்டில் கழுத்தும் மணிக்கட்டும் ரப்பர் சீலால் அடைபடும். உள்ளே காற்றுதான். டிரைலேமினேட் (மூன்றடுக்கு) வகைத் துணிக்குத் தனியாகச் சூடு கிடையாது, உள்ளே போடும் உடைதான் சூடு தருவது. இறங்கும்போது மார்பு வால்வை அடிக்கடி லேசாக அழுத்திக் காற்று சேர்க்க வேண்டும். தவறினால் துணிமடிப்பு தோலைக் கவ்வி சிவந்த தழும்பு விழும். ஏறும்போது இடது மேல்கை வால்வை முழுவதும் திறந்து, முழங்கையை உயர்த்தினால் காற்று தானே வெளியேறும்.

ஆபத்து, காற்று காலுக்குப் போவது. கால் மேலே, தலை கீழே என்றானால் வால்வு கீழே போய்விடும், காற்று வெளியேற வழியில்லை. உடனே முழங்காலை மார்போடு மடக்கி உருண்டு தலையை மேலே கொண்டுவர வேண்டும். இது கைவரும்வரை நீச்சல்குளத்தில் பழகுங்கள். வாடகை டிரைசூட்டை முதன்முதலாகப் படகிலேயே போட்டுப் பார்ப்பது சரியல்ல.

கசிவு பெரும்பாலும் சின்ன விஷயத்தில் வரும். உள்ளுடையின் ஒரு நூல் ஜிப்பில் சிக்கினால் போதும். கேமராவை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு நரம்பு எழும்பி, சீலுக்கு அடியில் வாய்க்கால் போலப் பள்ளம் விழும், அதன் வழியே நீர் சொட்டும். சீலை முன்கைப் பக்கம் இரண்டு விரல் ஏற்றிவிட்டால் நின்றுவிடும்.

மூழ்குவதற்குக் கட்டிக்கொள்ளும் ஈய எடை இரண்டுக்குமே தேவை. உள்ளுடை தடித்தால் டிரைசூட்டுக்குக் கூடுதலாகவே பிடிக்கும். வழக்கமான அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது சுமார் 2 கிலோ எடை குறையும். அதனால் சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சமிருக்க, 5 மீட்டரில் பிசிடி காலியாக, அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். அதுதான் சரியான அளவு.

கெல்ப் (உயரமாக வளரும் கடற்பாசி) காட்டில் எந்த உடையிலும் தண்டு மாட்டும். இழுக்காதீர்கள், ரப்பர் போல நீளும். சட்டென்று மடித்தால் ஒடிந்துவிடும்.

ஆண்டுக்கு ஐந்தாறு நாள் போகிறவருக்கு, உடம்புக்கு அளவான வெட்சூட் போதும். மாதம் தவறாமல் போகிறவர், விலை பல மடங்கு ஆனாலும் டிரைசூட்டுக்கு மாறட்டும். ஒன்று மட்டும்: டிரைசூட்டை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, சிறுநீர் வருமென்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். நீர் வற்றிய உடம்புக்கு டிகம்ப்ரெஷன் நோய் (அழுத்தம் குறையும்போது உடம்பில் வாயுக்குமிழிகள் உண்டாவது) அபாயம் கூடும். இடைவேளையில் சூட்டை அவிழ்த்துப் போய்வாருங்கள்.