நரேட்டரின் முன்னோட்ட வசதிகளா, என்விடிஏவா? மலையகத்துத் தமிழ் மாணவருக்கு எது உதவும்

பார்வையற்ற மாணவர் தமிழில் படிக்கிறார், கையில் இருப்பது ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வாங்கிய பழைய மடிக்கணினி என்றால், முதலில் போட வேண்டியது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற மென்பொருள்தான். அதே வேலையைச் செய்ய விண்டோஸிலேயே இருப்பது நரேட்டர். பொது வெளியீட்டுக்கு முன் சோதனைக்கு விடும் விண்டோஸ் 11 முன்னோட்டப் பதிப்புகள் வழியாக அதற்கு வந்த புதிய வசதிகள் நல்லவைதான். ஆனால் பல தமிழுக்கு எட்டவில்லை.

அவற்றில் உருப்படியானது பேச்சு மீள்பார்வை. கேப்ஸ் லாக், ஆல்ட், எக்ஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், நரேட்டர் கடைசியாகப் பேசிய 500 துண்டுகள் எழுத்தாக வரும். இணையப் படிவத்தில் சட்டென்று வந்து மறைந்த பிழைச் செய்தியை இப்படிப் பிடித்துவிடலாம். மாணவர் காதில் என்ன விழுந்தது என்று ஆசிரியரும் பார்க்கலாம். என்விடிஏவின் அண்மைய பதிப்புகளில் இன்சர்ட், எக்ஸ் அழுத்தினால் கடைசியாகச் சொன்னது மட்டும் திரும்ப வரும். நீண்ட வரலாறு வேண்டுமானால் துணை நிரல் தேவை. இந்த ஒன்றில் நரேட்டர் முந்திவிட்டது.

படங்களை விரிவாக விவரிக்கும் வசதி வேறு கதை. அதைக் கணினிக்குள்ளேயே செய்யக் கோபைலட் பிளஸ் வகைக் கணினி வேண்டும்: 16 ஜிபி ரேம், நொடிக்கு 40 டிரில்லியன் கணக்குகள் செய்யும் தனிச் செயலி. தோட்டப் பாடசாலைக் கணினி அறையில் அதைத் தேட வேண்டாம்.

குரலில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அமைப்புகளில் மொழி சேர்க்கும்போது 'தமிழ் (இலங்கை)' என்று எடுத்தால் பேச்சுக் குரல் இறங்காது. 'தமிழ் (இந்தியா)' எடுத்தால்தான் வள்ளுவர் என்ற குரல் வரும். நரேட்டர், என்விடிஏ இரண்டுக்கும் அதே குரல்தான். என்விடிஏவில் இன்சர்ட், கண்ட்ரோல், எஸ் அழுத்தி விண்டோஸ் ஒன்கோர் குரல்களுக்கு மாற்றுங்கள். இதைத் தவிர என்விடிஏவோடு ஈஸ்பீக் என்ற பேச்சுப் பொறி கூடவே வருகிறது. இயந்திரத்தனமான குரல், ஆனாலும் தமிழ் பேசும், எதையும் தனியாக இறக்க வேண்டியதில்லை. டேட்டா குறைவான இடத்தில் இது பெரிய உதவி.

எந்தக் குரலாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு: ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் மட்டும் கொடுக்கும் பழைய பாமினி எழுத்துரு. அதில் தட்டச்சிட்ட கடந்தகால வினாத்தாளில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. நரேட்டரும் என்விடிஏவும் ஒரே மாதிரிக் குழறும். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. கோப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகு மாணவரிடம் கொடுங்கள். ஸ்கேன் செய்த பக்கமானால் யாராவது மறுபடி தட்டச்சிடுவதே நம்பகமான வழி.

முன்னோட்டத்தில் சேர்வதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு புதிய பதிப்பும் சில ஜிபி இறங்கும். நடுவில் மின்சாரம் போனால் பேட்டரி செத்த மடிக்கணினி அங்கேயே நின்றுவிடும். ஒரே பதிப்பைப் போட்ட இரண்டு கணினிகளில் ஒன்றுக்கு வசதி வரும், மற்றதற்கு வராது, ஏனென்றால் மைக்ரோசாஃப்ட் படிப்படியாகத்தான் திறந்துவிடுகிறது. ஆரம்பக்கட்டச் சோதனைப் பிரிவுகளில் ஏறிவிட்டால் பழைய நிலைக்கு இறங்க, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டி வரலாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் ஒரே கணினியில் இதைச் செய்யவே கூடாது. ஆசை விடவில்லையென்றால், பொது வெளியீட்டுக்குச் சற்று முந்தைய ரிலீஸ் பிரிவியூ பிரிவோடு நில்லுங்கள். அதற்கு முன், வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

என்விடிஏ இறக்கம் 100 எம்பிக்கும் குறைவு, இலவசம். பென் டிரைவில் கையடக்கப் பிரதியாக வைத்துக்கொண்டால் பாடசாலையிலும் நெனசல என்ற பொதுக் கணினி நிலையத்திலும் எதையும் நிறுவாமல் ஓட்டலாம். உள்நுழைவுத் திரையில் மட்டும் அந்தப் பிரதி பேசாது. அங்கே கண்ட்ரோல், விண்டோஸ் சாவி, என்டர் அழுத்தி நரேட்டரை எழுப்புங்கள். உள்ளே போனதும் அதே சாவிகளால் அதை நிறுத்திவிட்டு என்விடிஏவைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பேசி எதுவும் விளங்காது.