அஃபேசியாவுக்கு ஒரு டிக்: மூன்று வருடம் படிவம் நிரப்பிய அனுபவம்

அழகர்கோவில் சாலையில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்சிங் பொறுப்பு பார்க்கிறேன். 32 பேர் இருக்கிறார்கள். அதில் 7 பேர் பக்கவாதம் வந்தவர்கள். மூன்று வருடத்துக்கு முன்பு பழைய ரிஜிஸ்டரை ஓரங்கட்டிவிட்டு, அமெரிக்க நர்சிங் ஹோம்களில் 2010 முதல் புழங்கும், இருப்பவர்களின் உடல், மன நிலையை மதிப்பிடும் எம்டிஎஸ் 3.0 படிவத்தைப் பார்த்துச் சுருக்கிய ஒன்றை எங்களிடம் கொடுத்தார்கள். சேர்ந்த 14 நாளுக்குள் முதல் மதிப்பீடு, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று.

பழைய ரிஜிஸ்டரில் "பேச்சு வரவில்லை" என்று ஒரே வரிதான். வாய் கோணிக் குழறுகிறவர், வார்த்தை சிக்காமல் தவிக்கிறவர், நாம் சொல்வதே புரியாதவர் எல்லாரும் அதற்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். புதுப் படிவம் பிரித்துக் கேட்கிறது: உச்சரிப்பு தெளிவா, நினைப்பதைப் புரியவைக்கிறாரா, பிறர் சொல்வது புரிகிறதா. பின்னிரண்டுக்கும் 0 முதல் 3 வரை. 3 என்றால் அநேகமாக இல்லவே இல்லை. இதற்காகவே படிவத்தின் மற்ற தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நோய்ப் பட்டியலில் அஃபேசியாவுக்கு, அதாவது மூளை பாதிப்பால் பேசுவதோ பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதோ கெட்டுப்போவதற்கு, தனிக் கட்டம், எண் ஐ4300. 60 நாளுக்குள் டாக்டர் எழுதியிருக்க வேண்டும், கடைசி 7 நாளிலும் அதன் பாதிப்பு இருக்க வேண்டும். நர்ஸ் தானாக டிக் போட முடியாது. நியாயம்தான். ஆனால் எங்களுக்கு வரும் டிஸ்சார்ஜ் சம்மரிகள் பலவும் "வலது கை கால் பலவீனம்" என்பதோடு நின்றுவிடும். முதல் வருடம் பாதிக் கட்டங்கள் காலி. இப்போதெல்லாம் நான் கவனித்ததைத் தாளில் எழுதி, டாக்டர் வரும் நாளில் "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று முன்னால் வைத்துவிடுகிறேன்.

புரிதலுக்கு மார்க் போடுவதில்தான் நிறைய ஏமாந்தோம். கண்டக்டராக இருந்த ஒரு ஐயா எதைக் கேட்டாலும் தலையாட்டி "சரி சரி" என்பார். நம்மூர்த் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று நல்லா இருப்பவர்களிடமே தெரியாது! இரண்டு மதிப்பீட்டில் 0 போட்டோம், எல்லாம் புரிகிறது என்று. ஒருநாள் அட்டெண்டர் தம்பி விளையாட்டாக, "ஐயா, நேத்து நீங்கதான பஸ் ஓட்டுனீங்க?" என்றான். அதற்கும் "சரி சரி". இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் "கதவைக் காட்டுங்க", "கண்ணை மூடுங்க" என்று சொல்கிறோம். கை நீட்டிக்கொண்டே சொன்னால் அவர் கையைப் பார்த்தே செய்துவிடுவார்.

முனிச்சாலைப் பக்கத்திலிருந்து வந்த சௌராஷ்டிரப் பாட்டி விஷயத்தில் தப்பு முழுக்க எங்களுடையது. பேச்சுக்கு 3, புரிதலுக்கு 3. பேசவைக்க முடியாதவர்களுக்கு, மூன்று சொல்லைச் சொல்லித் திரும்பக் கேட்கும் அந்த 15 மார்க் ஞாபகப் பரிசோதனையை விட்டுவிட்டு, ஊழியர்கள் பார்த்ததை வைத்து எழுதலாம். அப்படி எழுதினோம்: ஞாபக மறதி. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பாட்டியை "மறதி கேஸ்" என்றே ஒப்படைத்தோம். இரண்டு மாதம் கழித்து மகள் வந்து சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். பாட்டி தலையணைக்கு அடியில் கைவிட்டுக் கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினார். நான் ட்ரிப் ஸ்டாண்டைப் பிடித்தபடி நின்றேன்.

ஆயுசு முழுக்க கடைவீதியில் தமிழ் பேசியவர்தான். ஆனாலும் இரண்டு மொழி தெரிந்தவருக்கு அஃபேசியா வந்தால் இரண்டும் ஒரே அளவில் போக வேண்டும், ஒரே அளவில் திரும்ப வேண்டும் என்றில்லை. படிவத்தின் முதல் பக்கத்திலேயே மொழி கேட்டிருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்கும்போதே நாங்கள் "தமிழ்" என்று அச்சடித்து வைத்திருந்தோம், எழுதும் வேலை மிச்சம் என்று.

குறிப்புப் பகுதி இரண்டு விரல் அகலம்தான், தனித்தாள் ஒட்டிக்கொள்கிறேன். பாட்டியின் தாளில் கடைசியாக எழுதியது: பேச்சு 3, சௌராஷ்டிரத்தில் புரிதல் 1. மறதி என்பதை அடித்துவிட்டு மறுபரிசீலனைக்கு என்று போட்டிருக்கிறேன். அடுத்த மதிப்பீடு தை மாதம். அன்றைக்கு வரும்படி மகளுக்கு இப்போதே போன் பண்ணியாச்சு.