ப்ராசஸ் மானிட்டரில் ஒரே ஒரு ப்ராசஸை மட்டும் பார்ப்பது: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

விண்டோஸில் ஒரு மென்பொருள் காரணமே சொல்லாமல் நின்றுபோனால் நான் முதலில் திறப்பது ப்ராசஸ் மானிட்டரைத்தான்; ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ராசஸும் (இயங்கும் நிரல்) எந்த ஃபைலை, எந்த ரெஜிஸ்ட்ரி அமைப்பைத் தொடுகிறது என்று காட்டும் கருவி அது. ஃபைல்களைக் கவனித்த ஃபைல்மான், ரெஜிஸ்ட்ரியைக் கவனித்த ரெக்மான் என்ற இரண்டு பழைய கருவிகளையும் ஒன்றாக்கி 2006-இல் வந்தது, இன்னும் இலவசம். திறந்த வேகத்தில் ஈவென்ட்டுகள் (ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரி) கொட்ட ஆரம்பித்துவிடும், ஃபில்டர் போடாமல் அதில் எதையும் தேட முடியாது.

ஃபில்டர் போடுவது சுலபம்தான். பட்டியலில் ப்ராசஸ் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து இன்க்லூட் (இதை மட்டும் காட்டு) கொடுக்கலாம். எந்த ப்ராசஸ் என்றே தெரியாவிட்டால் டூல்பாரில் இருக்கும் குறிவட்டத்தை இழுத்துப் போய் தொல்லை தரும் ஜன்னல்மேல் விட்டால் போதும். எதை வைத்து வடிகட்டுகிறோம் என்பதில்தான் சிக்கலே. பெயரை வைத்தால், விண்டோஸ் சர்வீஸ்களை ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் (svchost) மாதிரி ஒரே பெயரில் ஏகப்பட்டது ஓடும்போது எல்லாமே உள்ளே வந்துவிடும். பிஐடி (PID, ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் விண்டோஸ் தரும் எண்) வைத்தால் துல்லியம், ஆனால் மென்பொருளை மூடித் திறந்ததும் எண் மாறி, திரை காலியாகக் கிடக்கும். அதனால் திறக்கும்போதே விழுகிற மென்பொருளுக்குப் பெயர், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸுக்கு பிஐடி. ஒரு ப்ராசஸ் தன் வேலையை வேறு பெயருள்ள இன்னொன்றிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் இரண்டுமே உதவாது, அப்போது கண்ட்ரோல்-டி (Ctrl+T) அழுத்தி, எந்த ப்ராசஸ் எதைத் தொடங்கியது என்று கிளை கிளையாகக் காட்டும் ப்ராசஸ் ட்ரீயில் இன்க்லூட் சப்ட்ரீ (அந்தக் கிளை முழுவதும்) கொடுக்க வேண்டும். எம்எஸ்ஐ (.msi) ஃபைலாக வரும் இன்ஸ்டாலர் என்றால் அதுவும் பத்தாது. நிஜ வேலையைச் செய்வது விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ், அது அந்தக் கிளையிலேயே இருக்காது. ப்ராசஸை விட்டுவிட்டு ஃபைல் பாதையை வைத்து வடிகட்டுவதே மேல்.

விதிகள் சேரும் முறையையும் ஒருமுறை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: ஒரே நெடுவரிசைக்கு (column) இரண்டு இன்க்லூட் இருந்தால் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும், வேறு வேறு நெடுவரிசை என்றால் எல்லாமே பொருந்த வேண்டும், எக்ஸ்க்லூட் (இதை மறை) எப்போதும் ஜெயிக்கும்.

அப்புறம் மெமரி. ஃபில்டர் மறைக்கத்தான் செய்கிறது, பின்னால் மற்ற ப்ராசஸ்களின் ஈவென்ட்டுகளும் சேர்ந்துகொண்டே இருக்கும். இரவு முழுக்க ஓடவிட்டால் கணினி திணறும். ஃபில்டர் மெனுவில் டிராப் ஃபில்டர்ட் ஈவென்ட்ஸை ஆன் செய்தால் தேவையற்றவை சேராது, ஆனால் போனது போனதுதான், பிறகு ஃபில்டரை மாற்றித் தேட முடியாது. சில நிமிடப் பதிவுக்கு நான் அதைத் தொடுவதே இல்லை. நீண்ட நேரப் பதிவு என்றால் அதை ஆன் செய்து, கூடவே பேக்கிங் ஃபைலும் (பதிவை மெமரியில் வைக்காமல் டிஸ்க்கில் எழுதும் ஃபைல்) வைத்துவிடுவேன்.

செயலின் முடிவைக் காட்டும் ரிசல்ட் நெடுவரிசையில் பஃபர் ஓவர்ஃப்ளோ (கொடுத்த இடம் பத்தவில்லை), நேம் நாட் ஃபவுண்ட் (அந்தப் பெயரில் எதுவும் இல்லை) வரிசையாக வந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் சாதாரணம். ஷேரிங் வயலேஷன் (ஃபைல் வேறொருவர் பயன்பாட்டில் இருப்பதால் திறக்க முடியவில்லை) வந்தால் மட்டும் ப்ராசஸ் ஃபில்டரை எடுத்துவிட்டு அதே பாதைக்கு இன்க்லூட் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஃபைலைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் வேறு ஏதோ ப்ராசஸ். லாக்கை இன்னொருவருக்கு அனுப்பும்போதும் இதே காரணத்துக்காக, சேமிக்கும் இடத்தில் ஆல் ஈவென்ட்ஸ் தேர்ந்தெடுத்து பிஎம்எல்லாகவே (PML, ப்ராசஸ் மானிட்டரின் சொந்த ஃபைல் வகை) கொடுத்துவிடுங்கள், வடிகட்டுவதை அவர் பார்த்துக்கொள்வார்.