பூனையும் பாத்தியும்: கம்பி வலையா, தண்ணீர்த் தெளிப்பானா, மீயொலிக் கருவியா?

விதைத்த மூன்றாம் நாளே பாத்தி கிளறப்பட்டு, நாற்றுகள் வேரோடு வெளியே கிடப்பதைக் காண்பவருக்குப் பக்கத்து வீட்டுப் பூனையின் மீது கோபம் வருவது இயல்புதான். ஆனால் பூனை செடியைத் தேடி வருவதில்லை. கழிவைப் புதைப்பதற்கு ஏற்ற, உலர்ந்த, பொலபொலவென்ற மண்ணைத் தேடித்தான் வருகிறது. ஆகவே, அதைத் துன்புறுத்தாமல் தடுக்கும் வழிகளை ஒப்பிடும்போது, ஒரு வழி பூனையை மிரட்டுகிறதா, அல்லது அது வருவதற்கான காரணத்தையே நீக்குகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

பலரும் முதலில் கையில் எடுப்பது வாசனைப் பொருள்களை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களின் மணம் பல பூனைகளுக்குப் பிடிப்பதில்லை, செலவும் இல்லை. ஆயினும் ஒரு மழைக்கோ, சில நாள் வெயிலுக்கோ அந்த மணம் தாங்காது. மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்துருண்டை, மிளகாய்த்தூள், வாசனை எண்ணெய்கள் ஆகியவற்றை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை. அந்துருண்டை நஞ்சு, மிளகாய்த்தூள் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வாயையும் கண்ணையும் எரிக்கும், வாசனை எண்ணெய்களில் உள்ள பல சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

மீயொலிக் கருவியின் தத்துவம் எளிது. மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனையின் காதோ 60 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும். நமக்குக் கேட்காத ஒலியால் அதை விரட்டலாம் என்பதே கணக்கு. பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு, இரண்டு சோதனைகளில் ஒன்றில் மட்டும் பூனை நுழையும் வாய்ப்பு சுமார் 32 விழுக்காடு குறைந்ததாகக் கூறுகிறது. பலன் இருக்கிறது, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. காது கேளாத பூனைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நாய்களுக்கும் இந்த ஒலி கேட்கும் என்பதால் அவற்றுக்குத் தொல்லையாகலாம்.

அசைவை உணர்ந்து சட்டென்று நீரைப் பீய்ச்சும் தெளிப்பான் இதைவிட மேலானது என்பது என் கருத்து. ஈரத்தோடு எதிர்பாராத சத்தமும் அசைவும் சேர்வதால், பல பூனைகள் சில அனுபவங்களிலேயே அந்த இடத்தைத் தவிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. ஆனால் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்க வேண்டும். கருவியின் பார்வைக்கு எட்டாத மூலையைப் பூனை விரைவில் கண்டுபிடித்துவிடும். வாசலில் வரும் விருந்தினரையும் அது நனைக்கும்.

மேற்சொன்ன இரண்டும் மிரட்டும் வழிகள். கோழி வலை எனப்படும் மெல்லிய கம்பி வலையை விதைத்தவுடன் பாத்தியின் மேல் படுக்கையாக விரிப்பது வேறு வகை. வலையின் கண்கள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலம் இருந்தால் நாற்று அவற்றின் வழியே மேலெழும். பூனையால் மண்ணைக் கிளற முடியாது. ஓரங்களின் கூர்முனைகளை உள்பக்கம் மடித்து மண்ணில் புதைத்துவிட வேண்டும். மின்சாரமோ பேட்டரியோ தேவையில்லை. மழையும் இதைக் கெடுப்பதில்லை. களை பறிப்பதும் மண்ணைக் கொத்துவதும் கடினமாகும் என்பது உண்மையான குறை. ஆயினும் செடிகள் நெருங்கி வளர்ந்து மண்ணை மூடிவிட்டால் வலையே வேண்டியதில்லை. வலை கிடைக்காதபோது, கவாத்து செய்த குச்சிகளை ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக நட்டு வைப்பதும், கூழாங்கற்களைப் பரப்புவதும், பாத்தியை ஈரமாகவே வைத்திருப்பதும் ஓரளவு பயன் தரும். சுவரை உயர்த்துவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒன்றரை மீட்டர் உயரத்தைத் தாவுவது பல பூனைகளுக்கு எளிது.

வலையோடு சேர்த்துச் செய்யத்தக்கது, பாத்தியிலிருந்து விலகிய ஒதுக்குப்புறமான மூலையில் உலர்ந்த மணலைக் குவித்து வைப்பதாகும். புதிய பூனைகளையும் இது அழைத்துவரும் என்று சிலர் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் ஏற்கெனவே வந்துபோகும் பூனைக்கு மாற்றிடம் இல்லையென்றால், அது வலையில்லாத அடுத்த பாத்திக்குத்தான் போகும். அந்த மணலை நாள்தோறும் கையுறை அணிந்து சுத்தம் செய்வது அவசியம். கழிவில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருந்தால், அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள்வரை ஆகும். இக்கிருமி கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. சுத்தம் செய்யாமல் விட்டால் பூனையே அந்த மணலை வெறுத்து, மறுபடியும் பாத்திக்கே திரும்பிவிடும்.