சின்னக் கைக்கு ஒரு பேஸ்: 30 அங்குலத்துக்கு மாறிய கதை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையில் பேஸ் கிட்டார் கேட்டபோது, அங்கே நின்றவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "வாசிக்கிறது ஆர் தங்கச்சி, அண்ணாவோ?" என்றார். நான்தான் என்றதும் சுவரிலிருந்து பிரிசிஷன் என்ற வகை பேஸ் ஒன்றை இறக்கித் தந்தார். 1951இல் பெண்டர் கம்பனி பிரிசிஷனைக் கொண்டுவந்ததிலிருந்து கம்பி அதிரும் நீளம் (ஸ்கேல்) 34 அங்குலம்தானே வழக்கம், பேஸ் என்றால் இதுதான் என்று வாங்கி வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். கொட்டாஞ்சேனையில் ஞாயிறு பூசைக்கு வாசிப்பதில் கரைச்சல் இல்லை. கலியாண வீடுகள்தான் சோதனை. பைலா ஆட்டப் பாட்டு தொடங்கினால் ஒரு பாட்டோடு முடியாது, ஒன்றோடு ஒன்று கோத்து அரை மணித்தியாலம் ஓடும். இடது கைக்கு ஓய்வே இல்லை. பாதியிலேயே சின்னி விரல் ப்ரெட்டை (நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், குறுக்கே பதித்த உலோகப் பட்டையை) எட்டாமல் நின்றுவிடும். அடுத்த நாள் தேங்காய் துருவ மணிக்கட்டு விடாது.

முதலில் பழியை நெக்கின் அகலத்தில் போட்டேன். என்னுடையதில் நட் (நெக்கின் தலைமாட்டில் கம்பிகள் தங்கும் சின்னக் கட்டை) 41 மில்லிமீற்றருக்கு மேல். பெண்டரின் இன்னொரு வகையான ஜாஸ் பேஸில் 38தான். கடை ஸ்டூலில் இருந்து பத்து நிமிடம் ஒன்றை வாசித்தபோது கை சுகமாகச் சுற்றிக்கொண்டது. நல்லவேளை, வாங்கவில்லை. தெரிந்தவரிடம் இரவல் வாங்கி ஒரு முழு ரிஹர்சல் வாசித்தேன். அதே வலி.

அன்றிரவு அடிமட்டத்தை எடுத்தேன். முதலாம் ப்ரெட்டிலிருந்து நாலாம் ப்ரெட் வரை, 34 அங்குல பேஸில் கிட்டத்தட்ட 13 சென்ரிமீற்றர். 30 அங்குலத்தில் கணக்குப் பார்த்தால் 11.4. ஒன்றரை சென்ரிமீற்றரில் என்ன இருக்கிறது என்பீர்கள். என் சின்னி விரலைக் கேளுங்கள்.

2022இல், டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நேரத்தில், புதிது வாங்குவது நடக்கிற காரியமில்லை. தெஹிவளையில் ஒருவரிடம் பழைய மஸ்டாங் வகை ஷோர்ட் ஸ்கேல், அதாவது 30 அங்குல பேஸ், ஒன்று கிடைத்தது. இரண்டு கிழமையில் மணிக்கட்டு வலி நின்றது. விளையாட்டுச் சாமான் என்று சிரித்தவர்களுக்கு, பீட்டில்ஸ் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸும் 30 அங்குலம்தான் என்று சொல்லிச் சொல்லி இப்போது சொல்வதை விட்டுவிட்டேன்.

குறை இல்லாமலும் இல்லை. நீளம் குறைந்தால் அதே சுருதிக்குக் கம்பியின் இழுவையும் குறையும். அதனால் ஆகத் தடித்த ஈ கம்பி தொளதொளவென்று கிடந்து, ஆம்பில் வெறும் உறுமலாகக் கேட்டது. தடிப்பான பிளாட்வவுண்ட் (தட்டையான உலோகச் சுற்றுள்ள கம்பி) போட்ட பிறகுதான் சுரம் தெளிந்தது. கடற்காற்றில் துருப்பிடிப்பதும் குறைந்தது; வாசித்து முடிய ஒரு பழைய சாரத் துண்டால் துடைத்தால் போதும். கடைகளில் ஷோர்ட் ஸ்கேல் கம்பி செற் கேட்டால் "எதைப் போட்டாலும் சரி" என்பார்கள். சரியில்லை. நீளக் கம்பியை வெட்டித்தான் போட வேண்டுமென்றால், வெட்டும் இடத்துக்கு முன்னால் செங்குத்தாக மடித்துவிட்டு வெட்டுங்கள். நான் மடிக்காமல் வெட்டினேன், சுற்று அவிழ்ந்து ஒரு ஈ கம்பி குப்பைக்குப் போனது.

தலைப் பக்கம் கீழே சாயும் வியாதியும் இதற்கு உண்டு. வழுக்கும் நைலோன் பட்டியை எறிந்துவிட்டு, உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் பட்டி போட்டதும் அடங்கியது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காசெல்லாம் செலவழித்த பிறகு, டபுள் பேஸ் (நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய பேஸ்) பழகிய ஒரு பெரியவர் நான் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை நாலு ப்ரெட்டுக்கும் நாலு விரலை விரிக்கிறாய்?" என்றார். நட்டுக்குக் கிட்ட உள்ள ப்ரெட்டுகளில் மோதிர விரலைச் சின்னி விரலுக்குத் துணையாகச் சேர்த்து மூன்று ப்ரெட்டை மட்டும் பிடித்து, தேவைப்பட்டால் கையையே நகர்த்துவது அவர்களுடைய முறை. முதலே தெரிந்திருந்தால் 34இலேயே இருந்திருப்பேனோ என்னவோ.

வாங்கப் போகிறவர்கள் ஸ்டூலில் இருந்து வாசித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பட்டியை மாட்டி நின்று, ஈ கம்பியில் முதலாம் ப்ரெட்டையும் நாலாம் ப்ரெட்டையும் மாறி மாறிப் பத்து நிமிடம் பிடியுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பழைய பிரிசிஷனை விற்கவில்லை. ரெக்கோர்டிங் என்று வந்தால் அதன் ஈ கம்பியின் இறுக்கம் இன்னும் வேண்டியிருக்கிறது. கதிரையில் இருந்துகொண்டு, ஒரு பாட்டுக்கு மட்டும்.