மூன்று வருடத்துக்கு மேலாகப் பாவிக்கும் கைவேலை ஹெட்போன் ஆம்ப்: லோட் (சுமை) போடாமல் அளந்து ஏமாந்த கதை

2022-இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட நாட்களில், கரண்ட் இருக்கும் நேரத்தில் ஈயம் ஒட்டி, இல்லாத நேரத்தில் பாட்டுக் கேட்பதற்காகச் செய்த ஆம்ப் (ஹெட்போனுக்குப் போகும் சிக்னலைப் பெருக்கும் சின்னச் சுற்று) இது. 9 வோல்ட் பற்றரி ஒன்று, அதை நடுவில் பிரித்து சிக்னல் கிரவுண்ட் (பாட்டுச் சிக்னலுக்கான பூச்சியப் புள்ளி) எடுக்க இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், பெருக்கும் வேலைக்கு ஒரு ஓபிஏ2134 சிப், 11 மடங்குப் பெருக்கம், அவ்வளவுதான். சீமோய் என்று பலரும் செய்யும் அதே சுற்று. கொழும்பு வெள்ளவத்தையில் இன்றும் என் மேசையில்தான் இருக்கிறது, தினமும் இரண்டு மணித்தியாலமாவது ஓடுகிறது. ஆனால் முதல் இரண்டு மாதம் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லாமல் நல்லது என்று மட்டும் எழுத மனம் வரவில்லை.

ஒட்டி முடித்ததும் மல்டிமீற்றரை 20 வோல்ட் ரேஞ்சில் வைத்துப் பார்த்தேன். கறுப்பு முனை நடுக் கிரவுண்டில், சிவப்பு முனை ஒருபக்கம் 4.55, மறுபக்கம் மைனஸ் 4.55. பாட்டு ஓடாதபோது பூச்சியம் காட்ட வேண்டிய அவுட்புட்டில் மைனஸ் 0.21. கிட்டத்தட்ட பூச்சியம்தானே என்று விட்டுவிட்டேன், அங்கேதான் பிழை. ஹெட்போனை மாட்டினால் பாட்டு நசுங்கிக் கரகரக்கிறது, கழற்றிவிட்டு அளந்தால் எல்லாம் சரி. ஒட்டுகளை மூன்று தரம் உருக்கித் திரும்ப ஒட்டினேன், ஜாக்கை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை.

கொட்டாஞ்சேனையில் ரேடியோ திருத்தும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "தம்பி, லோட் போட்டு அளந்தீங்களா? சும்மா அளந்தா எல்லாம் சரியாத்தான் காட்டும்" என்றார். லோட் என்றால் அவுட்புட்டிலிருந்து மின்னோட்டத்தை இழுக்கும் சுமை, இங்கே ஹெட்போன். நல்ல ஹெட்போனை வைத்துச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பதிலாக மேசை லாச்சியிலிருந்து 33 ஓம் ரெசிஸ்டர் இரண்டை எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு சனலுக்கும் அவற்றைப் போட்டுவிட்டு அளந்தால், 4.55 இருந்த இடத்தில் ஒருபக்கம் 7.8, மறுபக்கம் 1.3! நடுக் கிரவுண்ட் நடுவில் இல்லவே இல்லை. இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரால் ஒன்றிரண்டு மில்லி அம்பியருக்கு மேல் தாங்க முடியாது. 0.21 வோல்ட்டை 33 ஓமால் வகுத்தால் ஒரு சனலுக்கே 6 மில்லி அம்பியருக்கு மேல் வருகிறது, அது எங்கே போகும், கிரவுண்டையே இழுத்துக்கொண்டு போகும்.

அதற்கு டிஎல்இ2426 என்ற சின்ன மூன்றுகால் சிப் உண்டு, வோல்ட்டேஜைச் சரிபாதியாகப் பிரித்து 20 மில்லி அம்பியர் வரை தாங்கும். ஒன்றை வரவழைத்துப் போட்டேன். லோட்டோடும் 4.5, 4.5 என்று அசையாமல் நின்றது, பாட்டும் தெளிந்தது, அன்றிரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. ஆனால் அது இன்னும் ஆபத்தான நிலை என்பது அடுத்த நாள்தான் உறைத்தது. கிரவுண்ட் உறுதியாக நிற்பதால் இப்போது அந்த 0.21 வோல்ட் டிசி (ஒரே திசை மின்) முழுவதும் ஹெட்போன் சுருளுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. மீற்றரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சுக்கு மாற்றினால் இடது ஓரத்தில் ஒற்றை 1 மட்டும் நிற்கிறது, அளவு ரேஞ்சைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். 20 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய இடம் அது.

அப்புறம் கொஞ்சம் கணக்குப் போட்டேன். 0.21-ஐ 11-ஆல் வகுத்தால் இன்புட்டில் சுமார் 19 மில்லிவோல்ட். இன்புட்டில் இருக்கும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே முனைகளை வைத்தேன், 17.4 காட்டியது (என் மீற்றரின் உள்தடை 1 மெகா ஓம்தான், அதனால் கொஞ்சம் குறைத்துக் காட்டும்). அதாவது சிப்பின் காலுக்குள் ஏறக்குறைய 190 நானோ அம்பியர் போகிறது. ஓபிஏ2134 ஃபெட் இன்புட் (மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுக்காத வகை) கொண்டது, அதற்கு 5 பிக்கோ அம்பியர் (நானோவில் ஆயிரத்தில் ஒன்று பிக்கோ) அளவுதான் வேண்டும், 100 கிலோ ஓமில் என் மீற்றரால் எதுவும் தெரியவே கூடாது. 200 நானோ அம்பியர் அளவு இழுப்பது என்ஈ5532 போன்ற, பைபோலர் என்ற வேறு வகைச் சிப்பின் குணம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் வாங்கிய சிப்பின் மேல் அச்சிட்ட பெயர் பொய். எழுத்து நேர்த்தியாக இருந்தது, விலையும் மலிவாக இல்லை. எனக்கு அதுதான் இன்றும் கோபம், பெயரைப் பார்த்துக் காசு கொடுக்கிறவன் என்ன செய்வான்?

நம்பகமான இடத்திலிருந்து அசலை எடுத்துச் சொக்கட்டில் மாற்றியதும் இடது 4.6 மில்லிவோல்ட், வலது 3.1. சுற்றில் வேறு எதையும் தொடவில்லை.

அதன் பிறகு பெரிய தொல்லை இல்லை. பற்றரி சீக்கிரம் தீர்கிறதே என்று மீற்றரைத் தொடரில் வைத்துப் பார்த்தால் 16 மில்லி அம்பியர், அதில் ஏறக்குறைய பாதியைச் சின்ன எல்இடி விளக்கே குடித்தது. அதன் 1 கிலோ ஓமை 10 ஆக்கியதும் 9-க்குச் சற்று மேல் வந்து நின்றது. சத்தம் கூட்டும் குமிழ் கடல் காற்றுக்குக் கரகரக்கும், ஆறு மாதத்துக்கு ஒருக்கா கொன்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும். லெப்டொப்பில் மாட்டிக் கேட்கும்போது ஹம் (ம்ம் என்ற இரைச்சல்) வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், என்னுடையதில் உடனே நின்றது. போன வருடம் புதுப் பற்றரி 10.6 வோல்ட் என்று காட்டியது, பயந்தே போனேன். கடைசியில் மீற்றருக்குள் இருக்கும் பற்றரிதான் இறங்கியிருந்தது, இறங்கினால் இந்த மலிவு மீற்றர்கள் கூட்டிக் காட்டும்.

இந்தக் கிழமை அளந்தபோது, லோட்டோடு 4.7 மில்லிவோல்ட், 3.0. அந்த 33 ஓம் ரெசிஸ்டர் இரண்டையும் ஒரு பழைய பிளக்கில் ஒட்டி, மீற்றர் உறைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன்.