பிள்ளையின் அப்பெண்டிக்ஸ்: வெட்டா, துளையா, மருந்தா?

பிள்ளைக்கு அப்பெண்டிசைட்டிஸ் (குடல்வளரி அழற்சி) என்றதும் கொழும்பில் பெற்றோர் முதலில் கேட்பது, "கீ-ஹோலில் செய்யலாமா டொக்டர்?" சின்னத் துளைகள் வழியே கமரா விட்டுச் செய்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, குடல்வளரி வெடித்துவிட்டதா என்பதே. எந்த வழி நல்லது என்பது பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வலி எங்கே என்று சரியாகச் சொல்லத் தெரியாது. அந்த வயதினர் பலர் வெடித்த பிறகே வந்து சேர்கிறார்கள்.

திறந்த சத்திரசிகிச்சையைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். வலது அடிவயிற்றில் 3 முதல் 4 சென்ரிமீற்றர் வெட்டு. உள்ளே தசையை அறுப்பதில்லை, நார்களை விலக்கிப் போவார்கள். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் மக்பேர்னி 1894இல் எழுதிய முறை இது. வாயுவும் வேண்டாம், கமராவும் வேண்டாம். மெலிந்த ஆறு வயதுப் பிள்ளையில் அழற்சி ஆரம்ப நிலையில் இருந்தால், பழகிய கைக்கு இது சுருக்கமான வேலை. குடல்வளரி பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால்தான் சங்கடம்: வெட்டைப் பெரிதாக்க வேண்டும். இடுப்புக்குழியில் தேங்கிய சீழ் கண்ணுக்குத் தப்பலாம். காயத்தில் சீழ் பிடிப்பதும் இதில்தான் அதிகம்.

கீ-ஹோலின் மூன்று துளை முறையில் தொப்புளில் ஒன்று, கீழே 5 மில்லிமீற்றரில் இரண்டு. வயிற்றைக் காபனீரொட்சைட்டால் ஊதுவார்கள். பிள்ளைகளில் அமுக்கம் வழக்கமாக 8 முதல் 12 மில்லிமீற்றர் இரசம், சின்னவர்களில் குறைந்த பக்கம். கீழ்த்துளை சிறுநீர்ப்பைக்குக் கிட்டப் போவதால் முன்கூட்டியே அதை வெறுமையாக்க வேண்டும். இரத்தக் குழாய்களைச் சுட்டு மூடி, அடியில் நூல் வளையங்கள் போட்டு இறுக்கி, நடுவே வெட்டி, காயத்தில் படாமல் வெளியே எடுப்பார்கள். தவறு பெரும்பாலும் இரண்டு இடத்தில் நடக்கும். அடித்தண்டை நீளமாக விட்டால் அந்த மிச்சத்திலேயே பிறகு அழற்சி வரலாம். உள்ளே நழுவி விழுந்த மலக்கல்லை (குடல்வளரிக்குள் இறுகிய மலத்துண்டு) தேடி எடுக்காவிட்டால் அதைச் சுற்றிச் சீழ்க்கட்டி வளரும். பருத்த பிள்ளைக்கும், சூலகக் கட்டியா என்ற சந்தேகமுள்ள பதின்ம வயதுப் பெண்பிள்ளைக்கும், வெடித்த வயிற்றுக்கும் எங்கள் தெரிவு இதுவே. மறுநாள் தோள் வலிக்கிறது என்று பிள்ளை அழுதால் பயப்பட வேண்டாம், அது மிஞ்சிய வாயுவின் வேலை.

தொப்புளில் ஒரே துளையிட்டு, குடல்வளரியை வெளியே இழுத்து அங்கேயே கட்டி வெட்டும் முறையும் உண்டு. தழும்பு தொப்புளுக்குள் மறைந்துவிடும், கருவிச் செலவும் குறைவு. குடல் ஒட்டிப்போயிருந்தால் இழுக்க வராது. அப்போது கூடுதல் துளை வேண்டும்.

கத்தியே இல்லாமல் அன்ரிபயோட்டிக் மட்டும்? 5 முதல் 16 வயது வரையான 936 பிள்ளைகளை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் மருந்துப் பக்கத்தில் 34 வீதம் தோல்வி, சத்திரசிகிச்சைப் பக்கத்தில் 7 வீதம். வெட்டி எடுத்த குடல்வளரி சாதாரணமாக இருந்ததும் அங்கே தோல்வியாகவே எண்ணப்பட்டது. மூவரில் இருவர் தப்பினார்கள் என்று பார்க்கலாம், ஒருவர் தப்பவில்லை என்றும் பார்க்கலாம். ஸ்கானில் மலக்கல் தெரிந்தால் இந்த வழி வேண்டாம். நாட்கள் கடந்து கட்டியாகத் திரண்டுவிட்ட குடல்வளரி வேறு கதை; அங்கே மருந்துதான் முதலில்.

பொரளை சீமாட்டி ரிஜ்வே வைத்தியசாலையில் செலவில்லை, சிறுவர் சத்திரசிகிச்சைப் பிரிவும் உண்டு. தனியார் இடத்தில் செனல் பண்ணுகிறவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் அன்றிரவு இருக்கிறாரா என்றும், குடல்வளரியின் அடியை மூடும் ஸ்டேப்ளர் பில்லில் தனியாக வருமா என்றும் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நூல் வளையமே போதும். வெடித்த வயிற்றோடு கீ-ஹோல் வசதிக்காக விடியும்வரை காத்திருப்பது நல்ல பேரமல்ல.

டெங்குக் காலத்தில் இன்னொரு பொறி: காய்ச்சல் நாலாம், ஐந்தாம் நாளில் டெங்குவும் கடுமையான வயிற்றுவலி தரும். அப்பெண்டிசைட்டிஸில் பொதுவாக வலி முந்தும், வாந்தியும் காய்ச்சலும் பிந்தும். வெள்ளணுவும் வழக்கமாக ஏறும். டெங்குவில் வெள்ளணுவும் தட்டணுவும் இறங்கும். இரத்தப் பரிசோதனை பார்க்காமல் டெங்குப் பிள்ளையில் கத்தி வைத்தால் இரத்தம் நிற்காமல் போகலாம்.

வீட்டுக்கு வரும்போது டயக்னோசிஸ் கார்ட்டையும், பின்னர் திசுப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். வெடித்த குடல்வளரி எடுத்த பிள்ளைக்கு ஐந்தாம் நாளுக்குப் பிறகு திரும்பக் காய்ச்சல் வந்து, சளிபோல அடிக்கடி மலம் போனால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். இடுப்புக்குழியில் சீழ் கட்டியிருக்கலாம். அன்றே வார்டுக்குக் கொண்டுபோங்கள்.